எட்டு வரைக்கும்தான் எண்ணுவான்

எங்கள் படத்தில் அதிகச் சிரிப்பு வாங்கிய வரியை எழுதியது நான். எழுத இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. எழுதி முடித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது நினைத்தால் அந்த வரியைவிட அந்தப் பெருமைதான் அதிகம் கூசுகிறது.

படம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நான் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை பார்க்கிறவள். பாலிடெக்னிக்கில் என்னோடு படித்த நண்பன் ஒருவன் கல்யாண வீடியோக்களும் சின்னச் சின்ன விளம்பரங்களும் எடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒரு மானியம் கிடைத்தது. முழுநீளத் தமிழ் நகைச்சுவைப் படம் எடுக்கப்போவதாகச் சொல்லி, வசனம் எழுத என்னைக் கூப்பிட்டான். மேடை நாடகங்களுக்கு எழுதிய பழக்கம் எனக்கு இருந்தது. சரி என்றேன்.

கதை இதுதான். சிங்கப்பூரில் பட்டறையில் வேலை செய்யும் ஒருவன், தான் மேனேஜர் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறான். ஒருநாள் மாமனார் டூரிஸ்ட் விசாவில் வந்து இறங்குகிறார். நான்கு நாட்களுக்கு அவன் மேனேஜராக நடித்தாக வேண்டும். இரவல் சட்டை, இரவல் வீடு, இரவல் செகரட்டரி. சிரிப்புக்குப் பஞ்சமில்லாத கதை. ஆனால் நடுவில் ஏதோ வெறுமையாக இருந்தது. இவன் ஏன் பொய் சொல்கிறான் என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. நான் பிறந்து வளர்ந்தது புக்கிட் பாஞ்சாங் அடுக்குமாடியில். அவன் ஈசூனில். ஊரில் இருக்கிறவர்களுக்காக ஒரு மனிதன் இங்கே என்னென்ன மறைக்க வேண்டியிருக்கும் என்று நாங்கள் இருவரும் கற்பனைதான் செய்துகொண்டிருந்தோம்.

அந்தச் சமயத்தில் நான் ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவில் ஒரு சின்ன கிளினிக்குக்குப் போய்க்கொண்டிருந்தேன். வெளிநாட்டு ஊழியர்களுக்கான இலவச கிளினிக். டாக்டர் சொல்வதைத் தமிழிலும் வந்தவர் சொல்வதை ஆங்கிலத்திலும் சொல்லும் தொண்டூழியர்களில் நானும் ஒருத்தி. அங்கேதான் அவரைப் பார்த்தேன். அறந்தாங்கிப் பக்கத்துக்காரர். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். பூன் லேயில் ஒரு பட்டறையில் இருந்தவர். பிரஸ் மெஷினில் மாட்டி வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு காயத்தைக் காட்ட எங்கள் கிளினிக்குக்கு வந்துகொண்டிருந்தார்.

காத்திருக்கும் இடத்தில் அவர் இருந்தால் சத்தம் இருக்கும். அன்று பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் நடந்ததை அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மூணாவது நாளு வீட்லேருந்து வீடியோ கால். ரெண்டு நாளா எடுக்கல, இன்னைக்கும் எடுக்கலேன்னா அவ பஞ்சாயத்தக் கூட்டிருவா. வலது கையத் தலகாணிக்கு அடில சொருகிட்டேன். இடது கைல போனு. 'எங்க இருக்கீங்க'ன்னா. 'ஆபீஸ்ல'ன்னேன். 'ஆபீஸ்ல என்ன பச்சைக் கலர்ல, முடிச்சுப் போட்ட சட்டை?' 'புது யூனிஃபார்மு. ஏசி ரூம்ல போட்டுட்டாங்க'ன்னேன். அந்த நேரம் பாத்து நர்ஸம்மா வந்து, போன் புடிச்சிருக்கிற கைலயே பட்டையச் சுத்தி பிரஷர் பாக்குறாங்க. 'யாருங்க அது?' 'மேனேஜர் மேடம்.' 'மேனேஜரு ஏன் உங்க கையப் புடிக்கிறா?'"

கிளினிக்கே சிரித்தது. உள்ளே இருந்த டாக்டர் எட்டிப் பார்த்தார்.

"அதோட விட்டாளா? பக்கத்துக் கட்டில் சீன அங்கிள் விடாம இருமுறாரு. 'யாரு இருமுறது?' நான் என்ன பண்றது? 'அவருதான் முதலாளி'ன்னுட்டேன்."

நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே என் மூளையின் இன்னொரு பக்கம், இதுதான் எங்கள் படத்தில் இல்லாத இடம் என்று குறித்துக்கொண்டது. அதை மறைக்க விரும்பவில்லை. அப்படித்தான் நடந்தது.

மற்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போன பிறகு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அப்புறம் என்ன ஆச்சு தம்பி?" என்று கேட்டேன்.

குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எல்லாத்துக்கும் சரி சரின்னு கேட்டுக்கிட்டா. வைக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டாக்கா. 'சரி, இப்ப எந்தக் கையால சாப்பிடுறீங்க?'ன்னா."

எனக்கு உடனே புரியவில்லை.

"நான் எப்பவும் வலது கைலதான் போன் புடிப்பேனாம். எனக்கே தெரியாது. கால் எடுத்த உடனே அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. கடைசி வரைக்கும் என்னையப் பேச விட்டுக் கேட்டுக்கிட்டே இருந்திருக்கா."

அதற்குள் அவருடைய வரிசை எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். அடுத்த வாரம் நண்பனிடம் கலந்து பேசிவிட்டு, அவரிடம் இதைப் படத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். பெயர் வராது, ஊர் வராது என்றேன். அவர் யோசிக்கவே இல்லை.

"தாராளமா வைங்கக்கா. சனங்க சிரிக்கட்டும். ஆனா கடைசியா அவ கேட்டது மட்டும் கட்டாயம் இருக்கணும். அது இல்லாட்டி நான் வெறும் பொய்யனாப் போயிருவேன்."

"கண்டிப்பா இருக்கும் தம்பி," என்றேன்.

எழுதியபோது அந்தக் காட்சி தானாகவே வந்தது. அவர் சொன்ன வேடிக்கையெல்லாம் அப்படியே வைத்தேன். கடைசியில் மனைவி அந்தக் கேள்வியைக் கேட்கிறாள். பிறகு மௌனம். அவள் கண்ணில் நீர் வழிகிறது. அவன் போனைக் கவிழ்த்து வைக்கிறான். எழுதி முடித்ததும் நண்பனுக்கு அனுப்பினேன். "இதுதான் லா படம்," என்று எங்கள் சிங்கப்பூர் 'லா'வோடு பதில் அனுப்பினான். படப்பிடிப்பில் ஒலிப்பதிவு செய்த பெண் அந்தக் காட்சி முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றிவிட்டு வெளியே போய் நின்றாள். நாங்கள் ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்தேன்.

சிக்கல் எடிட்டிங்கில்தான் தெரிந்தது.

முதல் வடிவத்தை இருபது பேருக்குப் போட்டுக் காட்டினோம். காக்கி புக்கிட்டில் ஒரு தொழிற்கட்டடத்தின் நான்காவது மாடியில் நண்பனுடைய அலுவலகம். பிளாஸ்டிக் நாற்காலிகள், கறிபஃப், ஒரு வெள்ளைச் சுவர். முதல் ஒரு மணி நேரம் எல்லோரும் நன்றாகச் சிரித்தார்கள். ஆஸ்பத்திரிக் காட்சி வந்தது. மனைவி அந்தக் கேள்வியைக் கேட்டாள். அறை அடங்கிப்போனது. அதற்குப் பிறகு அந்த அறையில் யாருமே சிரிக்கவில்லை. மாமனார் நைட் சஃபாரி விலங்குத் தோட்டத்தில் தொலைந்து போவார், நாங்கள் உயிரைக் கொடுத்து எழுதி எடுத்த இடம். அதற்கும் ஒருவர் வாயும் அசையவில்லை. கைகட்டிக்கொண்டு பார்த்தார்கள். முடிந்ததும் கருத்து எழுதக் கொடுத்த தாளில் ஒரு பெண் இது காமெடிப் படமா சோகப் படமா என்று மட்டும் கேட்டிருந்தாள். கிட்டத்தட்ட எல்லாத் தாளிலும் அதுவேதான் வேறு வேறு வார்த்தைகளில் இருந்தது.

எல்லோரும் போன பிறகு நண்பன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அந்த ஒரு சீன் படத்தையே கொன்னுடுச்சு லா. சிரிச்சிட்டு இருந்தவங்க சடன்னா ஆஃப் ஆயிட்டாங்க. மறுபடி ஆன் ஆகவே இல்ல."

"அந்தக் கேள்விக்காகத்தானே அந்த சீனே?" என்றேன்.

"எனக்குத் தெரியும். பட் இன்னும் ஃபார்ட்டி மினிட்ஸ் படம் இருக்கு. அந்த ஃபார்ட்டி மினிட்ஸுக்கு நான் என்ன பண்றது?"

நான் எத்தனை முறை வாதாடினேன் என்று பின்னால் எண்ணிப் பார்த்திருக்கிறேன். இரண்டு முறை. மூன்றாவது முறை வாயைத் திறந்தபோது வாதாடவில்லை, வழி சொன்னேன்.

"கால் கட் ஆகுறதோட கேள்விக்கு முன்னாடியே நிறுத்திடலாம். டாக்டர் வந்து ரெண்டு விரல் போச்சுன்னு சொல்ற ஷாட் இருக்குல்ல, அத அங்க கொண்டு வா. ஹீரோவோட கூட்டாளி முதுகைக் காட்டிட்டு நிக்கிறார். வாய் தெரியல. டப்பிங்ல ஒரு லைன் போட்டுக்கலாம்."

"என்ன லைன்?"

படத்தில் கதாநாயகனுக்கு ஒரு கூட்டாளி உண்டு. எங்கள் ஊர் மேடைகளில் பெயர் வாங்கிய நகைச்சுவை நடிகர் ஒருவர் அந்த வேடத்தில் நடித்திருந்தார். அவருடைய குரலை மனதில் ஓட்டிப் பார்த்தேன். வரி வந்துவிட்டது.

"பரவால்ல டாக்டர், இவன் எப்பவும் எட்டு வரைக்கும்தான் எண்ணுவான்."

நண்பன் என்னை ஒரு நொடி பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். தரையில் சாய்ந்து சிரித்தான். எடிட்டர் திரும்பி உட்கார்ந்து சிரித்தார். "ஐயோ, டூ மச்," என்றார். அவர்கள் சிரிக்கச் சிரிக்க எனக்குள் இளஞ்சூடாக ஏதோ பரவியது. எம்.ஆர்.டி. ரயிலில் வீட்டுக்குப் போகும்போது அந்த வரியை இரண்டு மூன்று தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ரசித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அன்று முழுவதும் அந்தத் தம்பியின் கை ஒருமுறைகூட என் நினைவுக்கு வரவில்லை.

நினைவு வந்தது பத்து நாள் கழித்து, டப்பிங் முடிந்த பிறகு. அவரிடம் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது. போனை எடுத்துத் தட்டினேன், அழித்தேன். ஞாயிற்றுக்கிழமை நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். கை எப்படி இருக்கிறது, தூக்கம் வருகிறதா என்று கேட்டேன். டாக்டர் சொன்னதைத் தமிழில் சொன்னேன். அவர் சொன்னதை ஆங்கிலத்தில் சொன்னேன். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. அடுத்த மாதம் கிளினிக்கிலிருந்து விலகிக்கொண்டேன். ஆபீஸில் வேலை அதிகம் என்று காரணம் சொன்னேன். ஆபீஸில் வேலை எப்போதும்போலத்தான் இருந்தது.

ஒருநாள் அவரிடமிருந்து செய்தி வந்தது. "அக்கா, படம் எப்ப? பயலுகளையும் கூட்டிக்கிட்டு வரணும்." வர மாட்டார் என்று நம்பிக்கொண்டிருந்தவள் நான். நான்கு டிக்கெட் அனுப்பினேன்.

முதல் காட்சி ஞாயிறு பிற்பகல். அவர் தேய்த்த சட்டை போட்டு, மூன்று நண்பர்களோடு வந்திருந்தார். எனக்கு இரண்டு வரிசை முன்னால், கொஞ்சம் இடப்பக்கமாக உட்கார்ந்தார்கள். அவருடைய பக்கவாட்டு முகம் எனக்குத் தெரிந்தது. நான் படத்தைப் பார்க்கவில்லை. அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆரம்பத்தில் நன்றாகச் சிரித்தார். ஆஸ்பத்திரி வந்ததும் நண்பர்களின் தொடையில் தட்டினார், இதுதான் இதுதான் என்பதுபோல. நர்ஸ் வந்தாள், மேனேஜர் மேடம் ஆனாள். சீன அங்கிள் இருமினார், முதலாளி ஆனார். அரங்கம் அதிர்ந்தது. அவர் முன்னால் நகர்ந்து நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். அடுத்து வரப்போவதற்காகத்தான் அப்படி உட்கார்ந்தார் என்று எனக்குத் தெரியும்.

கால் கட் ஆனது. டாக்டர் வந்தார். கூட்டாளியின் முதுகிலிருந்து என் வரி வந்தது.

அந்த மாதிரிச் சிரிப்பை நான் எழுதிய எதற்கும் அதற்கு முன் கேட்டதில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த பெண்மணி கைதட்டினார். தம்பியின் நண்பர்களும் சிரித்தார்கள். பிறகு அவர்களில் ஒருவர் சட்டென்று நிறுத்தி அவரைத் திரும்பிப் பார்த்தார். மற்ற இருவரும் பார்த்தார்கள். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும் சிரித்தார். எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு, தனியாக, கொஞ்சம் சத்தமாக. தனக்காக மற்றவர்கள் சங்கடப்படக் கூடாது என்று ஒருவர் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு. பிறகு நாற்காலியில் பின்னால் சாய்ந்துகொண்டார்.

படம் முடிந்து விளக்குப் போட்டதும் நான் கழிவறைக்குப் போய் ஒளிந்துகொள்ள நினைத்தேன். அவர் கதவருகே காத்திருந்தார்.

"நல்லா இருந்துச்சுக்கா. பயலுக நல்லா சிரிச்சானுக."

"சந்தோஷம் தம்பி."

"அவ கேட்டது வரலியேக்கா?"

"படம் நீளமாயிடுச்சுன்னு எடுத்துட்டாங்க தம்பி," என்றேன். எடுத்துட்டாங்க. யாரோ.

தலையாட்டினார். "நான் வேற வீட்ல சொல்லி வச்சுட்டேன். நீ கேட்டது சினிமால வருதுடின்னு. அவ ஊரு பூராச் சொல்லியிருக்கா." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி விடுங்க, வந்துச்சுன்னே சொல்லிர்றேன்," என்றார்.

அவர் மனைவியிடம் இன்னொரு பொய் சொல்வதற்கு நான் காரணமாகிவிட்டேன். அதைத் தடுக்க அப்போது நான் எதையும் சொல்லவில்லை.

அந்த நேரத்தில் நண்பன் நகைச்சுவை நடிகரை அழைத்துக்கொண்டு வந்தான். நடிகர் எல்லோரிடமும் கைகுலுக்கிக்கொண்டே வந்தவர் இவரிடமும் கையை நீட்டினார். இவர் ஒரு கணம் தயங்கிவிட்டு வலது கையைக் கொடுத்தார். நடிகர் குனிந்து அந்தக் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். உண்மையில் நடந்த கதை என்று அவரிடம் நாங்கள் யாருமே சொல்லியிருக்கவில்லை. அவர் அந்தக் கையை விடாமல் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "சாப்பிட்டீங்களா தம்பி?" என்று கேட்டார்.

மறுநாள் நடிகர் எனக்குப் போன் செய்தார். "ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருந்தா நான் அதைப் பேசியிருக்க மாட்டேன்மா," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலாம்.

படத்துக்கு நல்ல பெயர்தான் வந்தது. இணையத்தில் எழுதிய ஒருவர் மட்டும் படம் சிரிப்புக்கும் வேதனைக்கும் நடுவே தடுமாறுகிறது, எதையும் துணிந்து செய்யவில்லை என்று குறைப்பட்டிருந்தார். நண்பனுக்கு வருத்தம். எனக்கு, உள்ளே நடந்தது இன்னதென்று அவருக்குத் தெரியவில்லையே என்று நிம்மதி. எப்பேர்ப்பட்ட நிம்மதி பாருங்கள்.

இரண்டு மாதம் கழித்து தம்பியின் விபத்து இழப்பீட்டு வழக்கு முடிந்து ஊருக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். போவதற்குள் எதையாவது சரிசெய்துவிட வேண்டும் என்று பரபரப்பு வந்தது. நண்பனிடம் வெட்டிய பகுதியைக் கேட்டேன். "கலர்கூடப் பண்ணல லா, சவுண்டும் ராவா இருக்கு," என்றான். பரவாயில்லை என்று வாங்கிக்கொண்டேன். ஞாயிறு மதியம் தேக்கா உணவங்காடியில் அவரைச் சந்தித்தேன்.

கூட்டத்தில் எப்படியோ ஒரு மேசை பிடித்து வைத்திருந்தார். கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே கரண்டியைப் பிடித்துப் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்து அந்தக் காட்சியை ஓடவிட்டேன். கரண்டியை வைத்துவிட்டுப் பார்த்தார். மனைவி அந்தக் கேள்வியைக் கேட்டாள். மௌனம். கண்ணீர். போன் கவிழ்ந்தது. மூன்று நிமிடம்.

நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ கடமை முடித்ததுபோல ஒரு எதிர்பார்ப்பு எனக்கு. அவர் ஒரு தடவை மறுபடி போடச் சொன்னார். பார்த்தார்.

"அவ அழுவலக்கா," என்றார்.

"என்ன தம்பி?"

"இதுல அழுவுறாங்கல்ல. அவ அழுவல. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டா. மேனேஜரு முதலாளின்னு நான் சொன்னதுக்கெல்லாம் சிரிச்சா பாருங்க, அதே சிரிப்போடயே கேட்டா. அவ சிரிக்கவும்தான் எனக்குத் தாங்கல."

பக்கத்து மேசையில் யாரோ தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள்.

"நீங்க என்கிட்ட இதைச் சொல்லலியே," என்றேன்.

"நீங்க கேக்கலியேக்கா."

குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். உண்மைதான், நான் கேட்கவில்லை. கேள்வி என்ன என்று தெரிந்ததும் மற்றதெல்லாம் எனக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டேன். மனைவி என்றால் அழுவாள், அழுதால் சனங்களுக்குப் புரியும். வேடிக்கையை ஒரு பக்கமும் வேதனையை இன்னொரு பக்கமும் வைத்து நடுவில் கோடு போட்டது நான். அந்தக் கோட்டில்தான் அந்த இருபது பேரும் சிரிப்பை நிறுத்தினார்கள். அவரும் மனைவியும் பேசியபோது அப்படி ஒரு கோடே இருந்திருக்கவில்லை. எடிட்டிங்கில் நாங்கள் வெட்டியது அவருடைய கதையை அல்ல, நான் ஏற்கெனவே கெடுத்து வைத்திருந்த ஒன்றை.

"இதை வீட்டுக்கு அனுப்பவா?" என்று கேட்டேன்.

"வேணாம்க்கா. இது வேற யாரோ."

சாப்பிட்டு முடித்து, டிஷ்யூவால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டார். பிறகு சாதாரணமாகக் கேட்டார். "அந்த எட்டு வரைக்கும்கிறது யாருக்கா எழுதுனது?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்காது. எதிரே உட்கார்ந்து, மெதுவாக, கோபமில்லாமல் கேட்கிறார்.

"அது டப்பிங்ல வந்தது தம்பி. அந்த அண்ணன் அவரா பேசிட்டார்."

"ம். அப்படியா," என்றார். என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். "வாங்கக்கா, டீ குடிப்போம்." டீ வாங்கிக் கொடுத்தார். சிராங்கூன் சாலை வரைக்கும் கூடவே வந்து பஸ் ஏற்றிவிட்டார். அந்த வாரமே ஊருக்குப் போனார்.

தீபாவளிக்கு அந்தப் படத்தைத் தொலைக்காட்சியில் போட்டார்கள். எங்கள் வீட்டில் பத்துப் பதினைந்து பேர். பெரியப்பா, சித்தி, பிள்ளைகள் எல்லோரும் சோபாவிலும் தரையிலும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த இடம் வந்ததும் வீடே சிரித்தது. பெரியப்பா அந்த வரியைத் தானும் ஒருமுறை சொல்லிக் காட்டினார். அம்மா அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா சிரிக்கவில்லை. கிளினிக்கில் பார்த்த தம்பியைப் பற்றி நான் முன்பே அம்மாவிடம் சொல்லியிருந்தேன்.

நான் அடுப்படிக்குப் போனபோது கேட்டார். "இத நீயா எழுதுன?"

"ஆமாம்மா."

"அந்தப் பிள்ள பாத்துச்சா?"

"பாத்தார்."

"என்ன பண்ணுச்சு?"

"சிரிச்சார்."

அம்மா வடையைத் திருப்பிப் போட்டார். "உனக்காகச் சிரிச்சிருக்கும்," என்றார்.

மறுநாள் மதியம், ஆபீஸில் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், படிக்கட்டுப் பக்கம் போய் நின்று தம்பிக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினேன். எழுதினால் அழகுபடுத்திவிடுவேன் என்று பயமாக இருந்தது. அந்த வரியை எழுதியது நான்தான், நடிகர் மேல் பழி போட்டது பொய், வெட்டச் சொல்லி வழி காட்டியதும் நான்தான், மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். நடுவில் இரண்டு இடத்தில் குரல் தடுமாறியது. திருத்தாமல் அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. அவர் குரல்தான். பின்னால் ஏதோ மோட்டார் ஓடும் சத்தம்.

"அக்கா, அது எனக்கு அன்னைக்கே தெரியும்க்கா. படம் முடிஞ்சதும் பேரெல்லாம் ஓடுச்சுல்ல. வசனம்னு உங்க பேரு ஒண்ணுதான் இருந்துச்சு. பயலுகளுக்குக் காட்டுறதுக்காக உங்க பேரு வரவரைக்கும் உக்காந்திருந்தோம். தேக்கால சும்மா கேட்டுப் பாத்தேன். நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "சரிக்கா, ஒடம்பப் பாத்துக்குங்க. அம்மாவக் கேட்டதாச் சொல்லுங்க," என்றார்.

படிக்கட்டில் உட்கார்ந்து அதை மூன்று தடவை கேட்டேன். மேலே போக வேண்டிய ஒரு சீனப் பெண் எனக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

அந்தக் கேள்வி படத்தில் வரவில்லை என்ற உண்மையை வீட்டில் சொல்லிவிட்டாரா என்று கேட்டு எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை. பதில் வர வேண்டும் என்று எதிர்பார்க்கும் இடத்திலும் நான் இல்லை. பொங்கலுக்குக் கரும்பும் பானையும் போட்ட வாழ்த்துப் படம் ஒன்று அவரிடமிருந்து வந்தது. தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அனுப்பியதாக இருக்கும். நானும் திரும்ப வாழ்த்து அனுப்பினேன்.

நண்பன் அடுத்த படத்துக்குக் கூப்பிட்டிருக்கிறான். இன்னும் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. போன மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மறுபடி கிளினிக்குக்குப் போகிறேன். அங்கே இப்போதும் யாராவது ஒருவர் தனக்கு நடந்ததை எல்லோரும் சிரிக்கும்படி சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். நானும் கேட்கிறேன், சில நேரம் சிரிக்கவும் செய்கிறேன். பிறகு அவருடைய வரிசை எண்ணைக் கூப்பிட்டு, டாக்டர் அறைக்குள் அழைத்துக்கொண்டு போகிறேன்.